வேட்பாளர் கடிதம் இல்லாமல் சொந்தக் காசில் தேர்தல் நோட்டீஸ் அடித்தால் குற்றமா?

செல்வி, மேலூர் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிஞ்சவங்க யாராவது பதில் சொல்லுங்க, கொஞ்சம் அவசரம்.

எங்க ஊர்க் கண்மாய்க்குப் பெரியாறு கால்வாய்த் தண்ணி வந்தாத்தான் உண்டு. வரத்துக்கால்வாய்ல ரெண்டு இடத்துல மண்ணடிச்சு மேடாக்கி வேலி போட்டுட்டாங்க. மடை தூர்ந்து கிடக்கு. மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ஞ்சாச்சு. இந்தத் தடவை ஓட்டுக் கேட்டு வந்தவங்கள்ல ஒருத்தர் மட்டும்தான் வண்டியை விட்டு இறங்கி, கால்வாயோரமா நடந்து வந்து, எங்கே அடைச்சிருக்குன்னு பார்த்து எழுதிக்கிட்டுப் போனார். ஜெயிச்சா முதல் வேலை இதுதான்னு ஊர் முன்னாடி சொன்னார். அவர் கட்சி எனக்குப் பிடிச்ச கட்சி இல்ல. ஆனா கண்மாய் விஷயத்துல அவரைத்தான் நம்பத் தோணுது.

அதனால நாங்க நாலு பொம்பளைங்க காசு போட்டு, சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சேர்த்து ரெண்டாயிரம் பிட் நோட்டீஸ் அடிக்கலாம்னு முடிவு பண்ணோம். எந்தெந்த வருஷம் தண்ணி வரல, யார் யாருகிட்ட மனு கொடுத்தோம், என்ன பதில் வந்துச்சு, எல்லாம் எழுதி, கடைசியில "இந்தக் காரணத்துக்காக நாங்க இவருக்கு ஓட்டுப் போடுறோம், நீங்களும் யோசிங்க"ன்னு முடிச்சிருந்தோம். கீழே எங்க நாலு பேர் பேரும் ஊரும். மறைக்க ஒண்ணும் இல்ல.

பிரஸ்காரர் படிச்சுப் பார்த்துட்டு, "வேட்பாளர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா, இல்லன்னா உங்களுக்கும் கேஸ், எனக்கும் கேஸ்"னு திருப்பிக் கொடுத்துட்டார். வேட்பாளர் ஆபீஸ்ல கேட்டா, "கையெழுத்துப் போட்டா எங்க செலவுக் கணக்குல ஏறும். எங்க நோட்டீஸே கட்டுக்கட்டா இருக்கு, அதைக் கொண்டுபோய்க் கொடுங்க"ங்கிறாங்க. அதுல தலைவர் படம் இருக்கு, சின்னம் இருக்கு. கண்மாயைப் பத்தி ஒரு எழுத்து இல்ல.

எனக்கு ரெண்டு கேள்வி. நாங்க நினைச்சது நிஜமாவே குற்றமா? அப்புறம், பேப்பரை எடுத்தா முதல் பக்கம் முழுக்கக் கட்சி விளம்பரம். எங்க நோட்டீஸ் செலவைவிட அது பல நூறு மடங்கு இருக்கும். அது தப்பில்லாதப்போ, நாலு பேர் ஆளுக்கு எழுநூறு ரூபா போட்டு மனசுல உள்ளதைச் சொல்றது எப்படித் தப்பாச்சு?

முத்தையா, சிவகாசி

செல்விம்மா, அந்தப் பிரஸ்காரர் மேல கோபப்படாதீங்க. நானும் ரொம்பக் காலம் அச்சாபீஸ் நடத்தினவன்தான். தேர்தல் அறிவிப்பு வந்ததும் கலெக்டர் ஆபீஸ்ல அச்சகக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வச்சு 127ஏ பத்திச் சொல்லிடுவாங்க. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல உள்ள பிரிவு அது. நோட்டீஸோ போஸ்டரோ, அடிச்சவர் பேரு விலாசம், வெளியிடுறவர் பேரு விலாசம் ரெண்டும் முகப்புல இருக்கணும். வெளியிடுறவர் தான் இன்னார்னு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடணும். அவரை நேர்ல தெரிஞ்ச ரெண்டு பேர் அதுல சாட்சிக் கையெழுத்துப் போடணும். அதை ரெண்டு பிரதியா பிரஸ்ல கொடுக்கணும். அச்சடிச்ச மூணு நாளைக்குள்ள உறுதிமொழியில ஒரு பிரதியும், கூடவே அடிச்ச நோட்டீஸும் கலெக்டர் ஆபீஸுக்குப் போயாகணும். எத்தனை அடிச்சோம், எவ்வளவு வாங்கினோம்னும் எழுதித் தரணும். மீறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டாயிரம் ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஜெராக்ஸ் கடையில போட்டுக்கலாமேன்னு யாராவது யோசனை சொன்னா கேட்காதீங்க. கையால எழுதிப் பிரதி எடுக்கிறதைத் தவிர வேற எந்த வழியில பெருக்கினாலும் அச்சுதான்னு அந்தப் பிரிவுலயே எழுதியிருக்கு.

ஆனா 127ஏ-வுல வேட்பாளர் கையெழுத்து வேணும்னு எங்கேயும் இல்ல. வெளியிடுறவர் யாரா இருந்தாலும் தான் யாருன்னு சொன்னாப் போதும். பிரஸ்காரர் பயப்படுறது வேற சட்டத்துக்கு. அதை வக்கீல் யாராவது சொல்லட்டும்.

இந்தப் பேர் போடுற விதியை நான் மனசார ஆதரிக்கிறவன். ஏன்னு சொல்றேன். ஓட்டுக்கு மொதநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல வந்து ஷட்டரைத் தட்டுவாங்க. "பேர் போடாம அஞ்சாயிரம் வேணும், காசு இப்பவே"ம்பாங்க. வாங்கிப் படிச்சா, எதிர்த்து நிக்கிறவர் வீட்டுப் பொம்பளைங்களைப் பத்தியும் சாதியைப் பத்தியும் கை கூசுற எழுத்தா இருக்கும். நான் ஒரு தடவைகூட அடிச்சுக் கொடுத்ததில்ல. ஆனா விடிஞ்சு பார்த்தா அதே நோட்டீஸ் தெருவெல்லாம் கிடக்கும். வேற எங்கேயோ அடிச்சிருப்பாங்க. அந்த மனுஷன் பதில் சொல்றதுக்குள்ள ஓட்டே முடிஞ்சிரும். அப்படி இருட்டுல வர்ற ஆளையும், பேரு ஊரு போட்டு எழுதுற உங்களையும் ஒரே தட்டுல வைக்கிறது எனக்குப் பொறுக்கல.

தேன்மொழி, வழக்கறிஞர், மதுரை

முத்தையா ஐயா 127ஏ பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. பிரஸ்காரர் அஞ்சும் மற்றொரு சட்டம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 171எச். ஒரு வேட்பாளர் எழுத்தில் அனுமதி தராமல், அவருடைய வெற்றிக்காகக் கூட்டம், விளம்பரம், சுற்றறிக்கை, வெளியீடு என எதற்கு யார் செலவு செய்தாலும் குற்றம். பழைய சட்டத்தில் அபராதம் 500 ரூபாய் வரை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 10,000 ரூபாய் வரை. சிறைத் தண்டனை கிடையாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. செலவு பத்து ரூபாய்க்கு மேல் போகாமல் இருந்து, பத்து நாளுக்குள் வேட்பாளரின் ஒப்புதலை எழுதி வாங்கிவிட்டால், முன்பே அனுமதி பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஆம், பத்து ரூபாய்தான். 1920-இல் ஆங்கிலேயர் இந்தப் பிரிவைத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தபோது எழுதிய தொகை அது. சட்டத்தையே புதிதாக எழுதியவர்கள் அபராதத்தை இருபது மடங்கு உயர்த்தினார்கள். இந்தப் பத்தைத் தொடவில்லை.

ஆகவே செல்வி, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: எழுதியிருக்கிறபடி பார்த்தால், அந்தக் கடைசி வரியோடு நீங்கள் அடிக்கும் நோட்டீஸ் இந்தப் பிரிவுக்குள் வரும்.

இரண்டாவது கேள்விதான் பெரியது. இப்படி ஒரு பிரிவு இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. வேட்பாளர் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று வரம்பு போட்டுவிட்டு, அவருடைய மாமனும் மச்சானும் கூட்டாளியும் எவ்வளவும் செலவழிக்கலாம் என்று விட்டால் வரம்புக்கு அர்த்தம் இல்லை. பிரிட்டனின் 1918-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்திலும் இதே தடை இருந்தது. காசு இல்லாதவரும் போட்டியிட வேண்டும் என்றால் காசுக்கு ஒரு கரை வேண்டும். இதை நான் முழுதாக ஏற்கிறேன்.

கோளாறு எங்கே வந்தது என்றால், அந்தக் கரையைப் பெரியவர்களுக்கு மட்டும் வெட்டிவிட்டார்கள். 1971 மக்களவைத் தேர்தலில் தில்லி சதர் தொகுதியில் அமர்நாத் சாவ்லா வென்றதை எதிர்த்துக் கன்வர்லால் குப்தா வழக்குப் போட்டார். 1974 அக்டோபரில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்குத் தெரிந்து அவருக்காகக் கட்சி செய்கிற செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்றது. இந்த நாட்டுத் தேர்தல் செலவுச் சட்டத்தில் வந்த மிக நேர்மையான தீர்ப்பு அது என்பேன். அதே மாதத்திலேயே மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கட்சியோ வேறு யாரோ செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் வராது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கத்தைச் சேர்த்து, தீர்ப்பைச் செயலிழக்க வைத்தது. அந்த விளக்கத்தைப் பின்னர் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 2003-இல்தான் அதைத் திருத்தி, நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள்.

இன்றைய நிலைமையைப் பாருங்கள். 2022 ஜனவரியில் உயர்த்தியபடி, தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதியில் வேட்பாளர் 40 லட்சம் வரை செலவழிக்கலாம். மக்களவைக்கு 95 லட்சம். வேட்பாளர் பெயரைச் சொல்லாமல் கட்சி செய்யும் பொதுப் பிரசாரத்துக்கு வரம்பே இல்லை. சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளுக்குள் ஆணையத்திடம் கணக்கு கொடுத்தால் முடிந்தது. கட்சியிலும் இல்லாத, போட்டியிலும் இல்லாத வாக்காளருக்குப் பத்து ரூபாய், அதுவும் வேட்பாளர் சம்மதித்தால்.

பேச்சுரிமையை வைத்து இந்தப் பிரிவை எதிர்க்க முடியுமா என்றால், முடியும் என்றே நினைக்கிறேன். 1954-இல் ஜமுனா பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்தலில் நிற்பது சட்டம் கொடுத்த உரிமை, நிற்க விரும்புகிறவர் அதன் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும், அதனால் பேச்சுரிமை பறிபோகவில்லை என்று சொன்னது. அது வேட்பாளருக்குப் பொருந்தும். செல்வி எதிலும் நிற்கவில்லையே. அவர் பேசுவது அரசியல் சட்டத்தின் 19(1)(அ) கொடுத்த பேச்சுரிமையில். அதைக் கட்டுப்படுத்த 19(2)-இல் பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு என்று காரணங்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. தேர்தல் செலவுச் சமத்துவம் அந்த வரிசையில் இல்லை.

பிரிட்டனில் இதைப் போலவே ஒரு வழக்கு நடந்தது. ஃபிலிஸ் போமன் என்ற பெண்மணி கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்பை நடத்தியவர். 1992 பொதுத் தேர்தலுக்கு முன் ஹாலிஃபாக்ஸ் தொகுதியில், எந்த வேட்பாளர் இந்த விஷயத்தில் என்ன நிலைப்பாடு எடுத்தவர் என்று எழுதி 25,000 துண்டறிக்கை கொடுத்தார். அங்கே அனுமதி இல்லாத செலவுக்கு உச்சவரம்பு ஐந்து பவுண்டு. வழக்குப் போட்டார்கள். சம்மன் காலம் கடந்து வந்ததால் விடுதலை ஆனார், ஆனாலும் விடாமல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 1998 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வேட்பாளர்களுக்குள் சமநிலை வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான், ஆனால் ஐந்து பவுண்டு என்பது நடைமுறையில் முழுத் தடை, அது பேச்சுரிமையை மீறுகிறது என்றார்கள். பிரிட்டன் சட்டத்தை ஒழிக்கவில்லை, தொகையை 500 பவுண்டாக்கியது, பிறகு 700. எனக்குச் சரியென்று படும் வழி இதுதான். பத்து ரூபாயை அழித்துவிட்டு இருபத்தைந்தாயிரமோ ஐம்பதாயிரமோ எழுதட்டும். பெயர், முகவரி, செலவுக் கணக்கு எல்லாம் கேட்கட்டும். வாயைக் கட்ட வேண்டாம்.

இளமாறன், சட்ட மாணவன், கோவை

தேன்மொழி மேடம், ஒரு மாறுபட்ட கருத்து. இருபத்தைந்தாயிரம் என்று இன்னொரு கோடு ஏன் போட வேண்டும்? அதைத் தாண்டிய மறு ரூபாயில் பேச்சு எப்படிக் குற்றமாகிறது?

அமெரிக்காவிலும் 1974-இல் இப்படி ஒரு கோடு போட்டார்கள். குறிப்பிட்ட வேட்பாளருக்காகவோ எதிராகவோ தனியொருவர் சுயமாகச் செய்யும் செலவு ஆண்டுக்கு 1,000 டாலரைத் தாண்டக் கூடாது என்றது சட்டம். 1976 ஜனவரியில் பக்லி வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு நாளிதழில் கால் பக்க விளம்பரம் போடக்கூட ஆயிரம் டாலர் போதாது, அச்சடிக்காமல் பரப்பாமல் இந்தக் காலத்தில் பேச்சு என்று ஒன்று இல்லை என்பது வாதம். சிலருடைய குரலை உயர்த்துவதற்காக வேறு சிலருடைய குரலை அமுக்குவது அவர்களுடைய அரசியல் சட்டத்துக்கே அந்நியம் என்றார்கள். வேட்பாளர் கையில் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும் வரம்பை விட்டுவைத்தார்கள், ஏனென்றால் அதில் லஞ்சம் நுழைய வழி இருக்கிறது.

செல்வி அக்கா அங்கே இருந்திருந்தால் இந்த நோட்டீஸை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆண்டுக்கு 250 டாலருக்கு மேல் போனால் ஆணையத்துக்கு ஓர் அறிக்கை, அவ்வளவுதான். பெயர் போடாத நோட்டீஸுக்குக்கூடப் பாதுகாப்பு கிடைத்த வழக்கு உண்டு. ஒஹையோவில் மார்கரெட் மெக்இன்டயர் என்ற அம்மா 1988-இல் பள்ளி வரி வாக்கெடுப்புக்கு எதிராக நோட்டீஸ் கொடுத்தார். சிலவற்றில் பெயர் இல்லை என்று 100 டாலர் அபராதம் போட்டார்கள். 1995-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தீர்ப்பு வரும்போது அவர் உயிரோடு இல்லை. நூறு டாலருக்காக ஒரு குடும்பம் ஏழு வருஷம் நின்று போராடியிருக்கிறது. எனக்கு அந்த வழக்கு மிகவும் பிடிக்கும்.

தேன்மொழி, வழக்கறிஞர், மதுரை

இளமாறன், மெக்இன்டயர் அம்மா மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பாதை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் தேர்தலில் சுயமாகச் செய்யும் செலவுக்கும் தடை கூடாது என்றார்கள். சில வாரங்களிலேயே இன்னொரு நீதிமன்றத் தீர்ப்பு வந்து, எவ்வளவு வேண்டுமானாலும் பணம் வாங்கிச் செலவழிக்கும் குழுக்களுக்கு வழி திறந்தது. 2024 அதிபர் தேர்தலில் எலான் மஸ்க் என்ற ஒரே மனிதர் 25 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். நாலு பெண்களின் நோட்டீஸுக்காகத் திறந்த கதவு வழியாக வந்தது அந்தப் பணம். பேசுகிறவரை மட்டும் பார்த்து எழுதிய சட்டம் அது. கேட்கிறவர் காதில் கடைசியில் யார் குரல் விழும் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

நம் நீதிமன்றம் வேறு வழியில் வந்திருக்கிறது. வேட்பாளர்கள் தங்கள் மேல் உள்ள வழக்கையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று 2002-இல் தீர்ப்பளித்தபோது, அதற்கு ஆதாரமாக எடுத்தது 19(1)(அ)-வைத்தான். வாக்காளர் தெரிந்துகொள்வதும் கருத்துரிமையின் பகுதி என்றார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னதும் இதே அடிப்படையில்தான். ஒரு கோடி ரூபாய்ப் பத்திரத்தை வங்கியில் வாங்கி, யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை வாக்காளருக்குக் காட்டாமல் ஆறு வருஷம் நடந்த திட்டம் அது. கட்சியை ஆதரித்துப் பணம் கொடுப்பதில் ஒரு தனிமனிதருக்கு அந்தரங்கம் உண்டு என்று ஏற்ற நீதிமன்றம், கம்பெனி கொடுப்பது வியாபாரக் கணக்கு என்று பிரித்துக் காட்டியது. கம்பெனிகள் எவ்வளவும் கொடுக்கலாம் என்ற 2017 திருத்தத்தையும் ரத்து செய்தது. மார்ச்சில் பட்டியல் வெளிவந்தபோது, முதலிடத்தில் 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கிய கோயம்புத்தூர் லாட்டரி நிறுவனம் இருந்தது. உங்கள் ஊர்தான் இளமாறன். அந்தப் பட்டியல் வராமல் போயிருந்தால் உங்களுக்கோ எனக்கோ அது தெரிந்திருக்காது.

அதனால்தான் கோடு வேண்டும் என்கிறேன். நாலு பேர் தாராளமாகப் பேசும் அளவுக்கு உயரமாக, ஒரே ஆள் தொகுதி முழுவதையும் விலைக்கு வாங்க முடியாத அளவுக்குத் தாழ்வாக.

பாண்டி, திருப்பரங்குன்றம்

சட்டம் பேசி என்ன ஆகப் போகுது? 2016-ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல ஆர்.கே. நகர், 2019-ல வேலூர், எல்லாத்துலயும் பணம் விளையாடி ஆணையமே தேர்தலை ரத்து பண்ணுச்சு. அதையே தடுக்க முடியாத சட்டம் இந்த அக்கா நோட்டீஸை நல்லாத் தடுக்குது. பேசாம நீங்களே அடுத்த தடவை சுயேச்சையா நின்னுடுங்க. டெபாசிட் பத்தாயிரம். அப்புறம் 40 லட்சம் வரைக்கும் என்ன வேணா அடிக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க.

தேன்மொழி, வழக்கறிஞர், மதுரை

பாண்டி, கோபம் புரிகிறது. ஆனால் இதே யோசனை போமன் வழக்கிலும் பேசப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டெபாசிட் கட்டி அதை இழக்க வேண்டியிருக்கும் என்பது ஒருபுறம். அதைவிட முக்கியமாக, அவர் கேட்டது நாடாளுமன்றத்தில் ஓர் இடம் அல்ல, வாக்காளர் கையில் ஒரு துண்டறிக்கையைக் கொடுக்கும் உரிமை. செல்வி கேட்பதும் அதைத்தான்.

செல்வி, இந்தத் தேர்தலுக்கு நடைமுறையில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். 176-ஆம் பிரிவு ஒரு வேட்பாளரின் வெற்றிக்கான செலவைப் பற்றியது. கண்மாயின் கதையை மட்டும் எழுதி, எந்த வேட்பாளர் பெயரும் சின்னமும் இல்லாமல், "ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்" என்று முடித்தால் அது அந்தப் பிரிவுக்குள் வராது. அப்போதும் முத்தையா ஐயா சொன்ன உறுதிமொழியைக் கொடுத்துவிடுங்கள். யார் வந்து கேட்டாலும் காட்டக் கையில் ஒரு காகிதம் இருக்கும். இன்னொரு வழி, வேட்பாளரிடம் எழுதி வாங்குவது. வாங்கினால் அந்தச் செலவு சட்டப்படி அவர் கணக்கில் ஏறும், அவர் ஆபீஸில் சொன்னது பொய்யில்லை. ஆனால் 40 லட்சத்தில் மூவாயிரத்துக்குக் குறைவான தொகையை ஏற்க மாட்டேன் என்பது சட்டத்தின் குறை அல்ல, அவர்கள் மனசு.

ஒருவரை எதிர்த்து நோட்டீஸ் அடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது அந்தப் பக்கம் இழுப்பார்கள் என்பதால் சொல்கிறேன். 127ஏ ஆதரவு, எதிர்ப்பு இரண்டையும் பிடிக்கும். 176-இன் வார்த்தைகள் ஆதரவை மட்டுமே பிடிக்கின்றன. நல்லதைச் சொன்னால் குற்றம், திட்டினால் இந்தப் பிரிவில் வராது என்ற இந்த நிலை எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்த இடைவெளியை நம்பி இறங்காதீர்கள். தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய்யாக ஏதாவது எழுதிவிட்டால் 175-ஆம் பிரிவு தனியாகக் காத்திருக்கிறது.

செல்வி, மேலூர் பக்கம்

எல்லாருக்கும் நன்றி. நாலு பேரும் உட்கார்ந்து வக்கீலம்மா எழுதினதை வாசிச்சோம். பத்து ரூபா விஷயத்தைக் கேட்டு எங்கூட இருக்கிற அக்காவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவங்க நூறு நாள் வேலைக் காசுல இருந்து எடுத்துக் கொடுத்தவங்க.

வேட்பாளர் பேர் இல்லாமலே அடிக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். கண்மாய்க் கதை, மனு கொடுத்த தேதிங்க, கடைசியில ரெண்டே கேள்வி: வரத்துக்கால்வாயை எத்தனை மாசத்துல திறப்பீங்க, அதை எழுத்துல கொடுப்பீங்களா? எங்க நாலு பேர் பேரும் கீழே இருக்கும். யாருக்கு ஓட்டுன்னு வீட்டுக்கு வீடு போய் வாயால சொல்லிக்கிறோம், அதுக்குச் செலவு இல்ல.

ஆனா மனசு ஆறல, சொல்லிடுறேன். ஒருத்தர் வந்து பார்த்தார், எழுதிக்கிட்டார், வாக்குக் கொடுத்தார். அதை அவர் பேரோட அச்சுல போட்டாத்தான் நாளைக்கு அவரால மாத்திப் பேச முடியாது. எங்களுக்கு அந்த நோட்டீஸ் பிரசாரம் மட்டும் இல்ல, அத்தாட்சியும்கூட. அதை எடுத்துட்டுத்தான் அடிக்க வேண்டியிருக்கு. வக்கீலம்மா, நீங்க இந்தப் பிரிவை எதிர்த்துக் கேஸ் போடுறதா இருந்தா நாங்க நாலு பேரும் கையெழுத்துப் போடுறோம். நிஜமாத்தான் சொல்றேன்.

கடைசியா ஒண்ணு. பிரசாரம் முடிஞ்ச பிறகு, அந்த ரெண்டு நாள்ல நோட்டீஸ் கொடுக்கலாமா?

தேன்மொழி, வழக்கறிஞர், மதுரை

அந்த 48 மணி நேரத் தடை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வருவது. பொதுக்கூட்டம், ஊர்வலம், டிவி, சினிமா, பாட்டுக்கச்சேரி வைத்து ஆள் சேர்ப்பது இவற்றைத்தான் அது தடுக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பேசுவதையும் கையில் காகிதம் கொடுப்பதையும் அந்தப் பிரிவு தொடவில்லை. ஆனாலும் கூட்டமாகப் போகாதீர்கள், இரண்டிரண்டு பேராகப் போங்கள். வாக்குப்பதிவு அன்று சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் வாயே திறக்கக் கூடாது. சுவரில் ஒட்டவும் வேண்டாம், அதற்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

வழக்கு விஷயம்: மனுக்களின் நகல், பிரஸ்காரர் திருப்பிக் கொடுத்த அந்த முதல் நோட்டீஸ் வாசகம், இரண்டையும் பத்திரமாக வையுங்கள். தேர்தல் முடிந்ததும் மதுரைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். இதற்கு நான் ஃபீஸ் வாங்கப் போவதில்லை.

முத்தையா, சிவகாசி

செல்விம்மா, உறுதிமொழிப் படிவம் தேர்தல் ஆணையத்தோட வெப்சைட்டுலயே இருக்கு, பிரஸ்லயும் வச்சிருப்பாங்க. சாட்சிக் கையெழுத்துக்கு உங்க நாலு பேருக்குள்ளயே போட்டுக்காதீங்க, வெளியாள் ரெண்டு பேர் நல்லது. வெளியிடுறவர்னு நாலு பேர் பேரையும் போடாம ஒருத்தர் பேரை முழு விலாசத்தோட போடுங்க, மத்த மூணு பேரும் நோட்டீஸ் உள்ள கையெழுத்தா வரட்டும். அதிகாரிங்க கேள்வி கேட்டா ஒரே ஆள் பதில் சொல்றது சுலபம். ரெண்டாயிரத்துக்கு டெம்மி சைஸ்ல ஒரு கலர் போதும். உங்க ஊர் பிரஸ்காரர் இன்னும் தயங்கினா, 127ஏ-வை அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் முன்னாடி வைங்க. அப்பவும் முடியாதுன்னா இங்கே ஒரு வார்த்தை எழுதுங்க, என் தம்பி பையன் இப்ப அச்சாபீஸைப் பார்த்துக்கிறான், அவன் அடிச்சுத் தருவான்.